நடப்பவனே ராஜா!

கார்களை வெளியே அனுப்பிய ஒரு சின்ன ஊரின் கதை

ஸ்பெயின் நாட்டில் ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அதன் பெயர் பொன்டவேத்ரா.

அந்த ஊரின் கடைத் தெருவில் கார் சத்தம் கேட்பது இல்லை. "பாம், பாம்" என்ற ஹாரன் ஒலியும் இல்லை. ஜனங்கள் பேசும் சத்தம் கேட்கும். குழந்தைகள் சிரிக்கும் சத்தம் கேட்கும். காலடி ஓசை கேட்கும்.

சிறுவர்கள் தெரு நடுவிலேயே பந்து விளையாடுகிறார்கள். கிழவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறார்கள். தாய்மார்கள் கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து, நடுத் தெருவில் தள்ளிக்கொண்டு போகிறார்கள். "ஓரமாகப் போ!" என்று யாரும் அதட்டுவது இல்லை.

இது ஏதோ ஒரு குக்கிராமம் என்று நினைத்து விடாதீர்கள். சுமார் 83 ஆயிரம் பேர் வாழும் நகரம் இது. ஒரு மாகாணத்தின் தலைநகரம். கடைகள் உண்டு. கோர்ட்டு உண்டு. ஆஸ்பத்திரி உண்டு. மக்களிடம் கார்களும் உண்டு.

பிறகு ஏன் அங்கே கார் ஓடுவது இல்லை? நிறுத்தியவர் யார்? எப்படி நிறுத்தினார்?

அந்தக் கதை இதுதான்.

பழைய பாலம்

பொன்டவேத்ரா என்றால் "பழைய பாலம்" என்று அர்த்தம். லேரஸ் என்ற ஆற்றின் கரையில் ஊர் இருக்கிறது. ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் கலீசியா என்ற பகுதி இருக்கிறது. அங்கே மழை அதிகம். அந்த மழைப் பிரதேசத்தில் உள்ள ஊர் இது.

ஊர் மிகப் பழையது. கல் வீடுகள். குறுகலான தெருக்கள். ஆங்காங்கே சிறு மைதானங்கள்.

கிறிஸ்தவர்களுக்குச் சந்தியாகோ என்ற ஊர் பெரிய யாத்திரைத் தலம். போர்ச்சுகல் நாட்டில் இருந்து அங்கே நடந்து போகிறவர்கள், பொன்டவேத்ரா வழியாகத்தான் போவார்கள். அவர்களுக்காக இங்கே ஒரு மாதா கோவில் இருக்கிறது. யாத்திரீகர்களின் அடையாளம் சிப்பி. அந்தக் கோவிலையும் சிப்பி வடிவத்திலேயே கட்டி இருக்கிறார்கள்!

ஆக, இந்த ஊர் நடப்பவர்களுக்காகப் பிறந்த ஊர்.

கார்களின் படையெடுப்பு

பிறகு கார்கள் வந்தன.

முதலில் ஒன்று, இரண்டு. பிறகு நூறு, இருநூறு. 1990-ம் ஆண்டுகளில் ஊர் தாங்கவில்லை. ஒரு நாளில் ஊருக்குள் வந்து போன கார்களின் எண்ணிக்கை, ஊர் ஜனத்தொகையை விட அதிகம்! ஒரே ஒரு தெருவில் மட்டும் தினம் 14 ஆயிரம் கார்கள் போயின.

தெரு முழுவதும் கார். இரண்டு ஓரத்திலும் கார். மைதானத்திலும் கார். மனிதன் நடக்க ஒரு சாண் இடம் இல்லை.

கிழவர்கள் வீட்டை விட்டு வெளியே வரப் பயந்தார்கள். குழந்தைகளைத் தாய்மார்கள் வெளியே விடவில்லை. வசதி உள்ளவர்கள் ஊருக்கு வெளியே வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பழைய நகரம் பாழடைந்தது. போதை மருந்து விற்பவர்கள் அங்கே புகுந்துகொண்டார்கள்.

எல்லாவற்றையும் விடக் கொடுமை, உயிர்ச்சேதம். 1996-ல் இருந்து 2006 வரை, பத்து ஆண்டுகளில், அந்த ஊர்த் தெருக்களில் விபத்தில் இறந்தவர்கள் 30 பேர்!

டாக்டர் மேயர் ஆனார்

1999-ம் ஆண்டு நகரசபைத் தேர்தல் நடந்தது. ஒரு டாக்டர் மேயர் ஆனார். அவர் பெயர் மிகேல் அன்ஷோ பெர்னாண்டஸ் லோரஸ்.

டாக்டர் என்ன செய்வார்? முதலில் நாடி பிடித்துப் பார்ப்பார். நோய் என்ன என்று கண்டுபிடிப்பார். பிறகுதான் மருந்து கொடுப்பார். லோரசும் அப்படியே செய்தார். இங்கே நோயாளி, ஊர்!

ஊருக்குள் வரும் கார்கள் எல்லாம் ஒரே மாதிரி அல்ல. அவை மூன்று வகை.

முதல் வகை: ஊரில் எந்த வேலையும் இல்லாத கார்கள். அடுத்த ஊருக்குப் போவதற்குக் குறுக்கு வழியாக இந்த ஊருக்குள் புகுந்து போகிறவை.

இரண்டாம் வகை: நிறுத்த இடம் தேடிச் சுற்றும் கார்கள். ஒரே தெருவை நாலு தடவை சுற்றி வரும். யாராவது காரை எடுக்கிறார்களா என்று பார்க்கும்.

மூன்றாம் வகை: உண்மையாகவே வேலை உள்ள கார்கள். கடைக்குச் சரக்குக் கொண்டுவரும் வண்டி, ஆம்புலன்ஸ், தீயணைக்கும் வண்டி, அந்தத் தெருவிலேயே கொட்டகை வைத்திருப்பவரின் கார், நடக்க முடியாதவரை ஏற்றி வரும் கார்.

இந்த மூன்றில் ஊருக்குத் தேவையானது எது? மூன்றாம் வகை மட்டும்தான். நெரிசலை உண்டாக்குவது எது? முதல் இரண்டு வகை.

நோய் பிடிபட்டு விட்டது!

ஒரே மாதத்தில்!

லோரஸ் தாமதிக்கவில்லை. பதவி ஏற்ற ஒரு மாதத்துக்குள் பழைய நகரத்தை நடப்பவர்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார். அந்த இடத்தின் பரப்பு 3 லட்சம் சதுர மீட்டர். அதாவது சுமார் 74 ஏக்கர்.

தெருக்களில் கருங்கல் பலகை பாவினார்கள். நடைபாதைக்கும் தெருவுக்கும் இடையே இருந்த படியை எடுத்துவிட்டார்கள். தெரு முழுவதும் ஒரே மட்டம். சக்கர நாற்காலியில் வருகிறவர் தடுக்காமல் போகலாம். கண் தெரியாதவர் இடறி விழ வேண்டியது இல்லை.

பிறகு இந்த ஏற்பாடு அடுத்த அடுத்த தெருக்களுக்கும் பரவியது.

எதிர்ப்பு இல்லையா? இருந்தது!

"கார் வராவிட்டால் வியாபாரம் படுத்துவிடும்" என்று கடைக்காரர்கள் பயந்தார்கள். "என் காரை என் வீட்டு வாசலில் நிறுத்த எனக்கு உரிமை இல்லையா?" என்று கார்க்காரர்கள் கேட்டார்கள்.

மேயரின் வாதம் எளிமையானது. காரை விலை கொடுத்து வாங்கியது நீ. தெருவை வாங்கவில்லை. தெரு எல்லோருக்கும் சொந்தம். கார் வைத்திருப்பதாலேயே பொது இடத்தைப் பிடித்துக்கொள்ளும் உரிமை யாருக்கும் வந்துவிடாது.

யோசித்துப் பாருங்கள். ஒரு கார் நிற்கச் சுமார் 12 சதுர மீட்டர் இடம் வேண்டும். அது ஒரு சின்ன அறை அளவு! அந்த இடத்தில் யாராவது பீரோவையும் கட்டிலையும் கொண்டுவந்து போட்டால் விடுவோமா? கார் என்றால் மட்டும் பேசாமல் இருக்கிறோம்.

போன வழியே திரும்பு!

குறுக்கு வழியாக வரும் கார்களை எப்படித் தடுத்தார்கள்? வாசலுக்கு வாசல் போலீஸ்காரரை நிறுத்தவில்லை. ஒரு தந்திரம் செய்தார்கள்.

தெருக்களை ஒருவழிப் பாதையாக மாற்றினார்கள். கிழக்கே நுழையும் கார், வளைந்து வளைந்து மறுபடியும் கிழக்கேதான் வெளியே வரும். மேற்கே நுழைந்தால் மேற்கேதான் வெளியே வரும். ஊரைக் குறுக்கே கடக்க முடியாது.

வேலை உள்ளவன் வருவான், போவான். வேலை இல்லாதவன் ஏன் வரப்போகிறான்? ஊரைச் சுற்றியே போய்விடுவான்!

சிவப்பு விளக்கு, பச்சை விளக்குகளையும் நகர நடுவிலிருந்து எடுத்தார்கள். அவற்றுக்குப் பதில் ரவுண்டானா கட்டினார்கள். ஜனங்கள் தெருவைக் கடக்கும் இடங்களை மேடாக உயர்த்தினார்கள். மேட்டில் வேகமாக ஏறினால் காருக்குத்தான் அடி. ஆகவே, தானாகவே வேகம் குறையும்.

30-க்கு மேல் கூடாது

2010-ல் ஊர் முழுவதும் வேகத்துக்கு ஒரு வரம்பு வைத்தார்கள். மணிக்கு 30 கிலோமீட்டர்.

50 கிலோமீட்டர் வேகத்தில் போனால் என்ன? பெரிய வித்தியாசமா?

ஆம், பெரிய வித்தியாசம்தான்!

தெருவில் திடீரென்று ஒரு குழந்தை ஓடி வருகிறது. ஓட்டுகிறவர் பார்த்துப் பிரேக்கை மிதிக்கக் குறைந்தது ஒரு வினாடி ஆகும். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் அந்த ஒரு வினாடியில் சுமார் 14 மீட்டர் ஓடிவிடும். 30 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 8 மீட்டர்தான் ஓடும்.

அடியின் பலமும் மாறுகிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதும் காருக்கு உள்ள சக்தி, 30 கிலோமீட்டர் வேகத்தில் மோதும் காரைப்போல ஏறக்குறைய 3 மடங்கு.

ஒன்று, எழுந்து நடக்கக்கூடிய காயம். மற்றது, மரணம். அவ்வளவுதான் வித்தியாசம்!

11 ஆண்டுகள் கழித்து, 2021 மே மாதம், ஸ்பெயின் நாடு முழுவதுமே இந்த வழிக்கு வந்தது. ஒவ்வொரு திசைக்கும் ஒரே ஒரு வரிசை உள்ள நகரத் தெருக்களில் 30 கிலோமீட்டர்தான் வேகம் என்று சட்டம் வந்தது.

கார் எங்கே நிற்கும்?

"கார் உள்ளவன் எங்கே போவான்?" என்று நீங்கள் கேட்கலாம்.

அதற்கும் வழி செய்தார்கள். நகர நடுவில் தெருவோரம் கார் நிறுத்துவதை எடுத்துவிட்டார்கள். பூமிக்கு அடியில் கார் நிறுத்தும் இடம் வந்தது. அதற்குக் காசு. ஊர் ஓரத்தில் வேறு இடங்கள் ஒதுக்கினார்கள். அங்கே 1,600-க்கு மேற்பட்ட கார்கள் காசு கொடுக்காமலே நிற்கலாம். அங்கே காரை விட்டுவிட்டு, நடந்து வர வேண்டியதுதான்.

ஊரின் ஒரு கோடியில் இருந்து மறு கோடிக்கு நடக்க எவ்வளவு நேரம் ஆகும்? சுமார் 25 நிமிடம்!

நடைக்கு ஒரு படம்

நடக்கத் தயங்குகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் சாக்கு, "ரொம்பத் தூரம்" என்பது. உண்மையில் தூரம் எவ்வளவு என்று பலருக்குத் தெரியாது.

ஆகவே, 2011-ல் நகரசபை ஒரு படம் அச்சிட்டது. அதன் பெயர் "மெட்ரோமினூட்டோ". பார்ப்பதற்குப் பெரிய நகரங்களின் சுரங்க ரயில் படம் போலவே இருக்கும். பல நிறத்தில் கோடுகள். கோட்டில் நிலையங்கள். ஆனால், ரயில் கிடையாது!

இங்கிருந்து மார்க்கெட்டுக்கு இத்தனை நிமிட நடை. மார்க்கெட்டில் இருந்து ரயில் நிலையத்துக்கு இத்தனை நிமிட நடை. இப்படி ஒவ்வொரு கோட்டிலும் எழுதி இருக்கும்.

படத்தைப் பார்த்தவர்கள், "அட, இவ்வளவு பக்கமா!" என்றார்கள். செலவோ சொற்பம். பலனோ பெரிது. இந்த யோசனையை ஐரோப்பாவில் வேறு பல ஊர்களும் பின்பற்றின.

தனியே போகும் பிள்ளைகள்

இந்த ஊரில் பார்க்க வேண்டிய காட்சி ஒன்று உண்டு. காலை வேளையில் சிறு பிள்ளைகள் புத்தகப் பையைச் சுமந்துகொண்டு தாங்களாகவே பள்ளிக்கூடத்துக்குப் போவார்கள். கூட அப்பா இல்லை. அம்மா இல்லை.

பள்ளிக்கூடம் போகும் வழிகளைத் தனியாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். முக்கியமான இடங்களில் போலீசாரும் தொண்டர்களும் நிற்பார்கள். வழியில் உள்ள கடைக்காரர்களும் ஒத்துழைக்கிறார்கள். பிள்ளைக்குத் தாகமா, பயமா, வழி தெரியவில்லையா? கடைக்குள் போய்க் கேட்கலாம்.

இந்த யோசனைக்கு மூலவர் இத்தாலி நாட்டு அறிஞர் பிரான்செஸ்கோ டோனுச்சி. 1991-ல் பானோ என்ற தமது சொந்த ஊரில் "குழந்தைகளின் நகரம்" என்ற திட்டத்தை அவர் தொடங்கினார். குழந்தைக்கு ஏற்ற ஊர் எல்லோருக்கும் ஏற்ற ஊராக இருக்கும் என்பது அவர் கொள்கை.

உண்மைதானே? குழந்தை பயம் இல்லாமல் நடக்கும் தெருவில் பாட்டியும் நடப்பாள். கர்ப்பிணியும் நடப்பாள். கால் ஊனமுற்றவரும் போவார்.

கணக்கு என்ன சொல்கிறது?

முன்பு பத்து ஆண்டுகளில் 30 பேர் விபத்தில் இறந்தார்கள் அல்லவா? அதே தெருக்களில், அதற்கு அடுத்த பத்து ஆண்டுகளில் இறந்தவர்கள் 3 பேர்!

இருபத்தேழு உயிர் வித்தியாசம். இருபத்தேழு குடும்பம்.

2018-ல் வெளியான கணக்கு இன்னும் சில செய்திகளைச் சொன்னது. முன்பு காரில் போன பயணங்களில் நாலில் மூன்று பங்கு, நடையாகவோ சைக்கிளாகவோ மாறிவிட்டது. வண்டிப் புகையால் வரும் கரியமில வாயு 70 சதவீதம் குறைந்துவிட்டது. சுற்று வட்டாரத்தில் மற்ற ஊர்களில் ஜனத்தொகை குறைந்தது. பொன்டவேத்ராவின் நடுப்பகுதியில் 12 ஆயிரம் பேர் புதிதாகக் குடியேறினார்கள்!

வியாபாரம்? கடைக்காரர்கள் பயந்தபடி படுத்துவிடவில்லை. நடந்து வருகிறவன் கடைக் கண்ணாடியைப் பார்ப்பான், நிற்பான், உள்ளே வருவான். காரில் பறக்கிறவன் எதைப் பார்ப்பான்? ஊருக்கு வெளியே பிரமாண்டமான அங்காடிகள் கட்ட நகரசபை அனுமதி கொடுக்க மறுத்தது. அதுவும் சிறு கடைகளைக் காப்பாற்றியது.

2014-ல் ஐக்கிய நாடுகள் சபையின் குடியிருப்புத் துறையும் துபாய் நகரசபையும் சேர்ந்து வழங்கும் பரிசு இந்த ஊருக்குக் கிடைத்தது.

டாக்டர் லோரஸ்? எதிர்த்தவர்கள், "அடுத்த தேர்தலில் தோற்றுப்போவார்" என்றார்கள். அவர் 7 முறை மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஏழாவது முறை, 2023-ல்!

குறையே இல்லையா?

குறை உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஊர் நடுவில் நெரிசல் போய்விட்டது. ஆனால், ஊர் ஓரத்துச் சாலைகளில் கார்கள் சேர்ந்து நிற்கின்றன என்று சிலர் குறை கூறுகிறார்கள். காரை நிறுத்த இடம் போதவில்லை என்கிறார்கள். வெளியூரில் இருந்து வருகிறவர்களுக்கு இன்னும் கார் தேவைப்படுகிறது.

இன்னொன்று. பொன்டவேத்ரா மிகச் சிறிய ஊர். 25 நிமிடத்தில் கடந்துவிடலாம். அதைவிடச் சற்றுப் பெரிய ஊர் என்றால்? நடை மட்டும் போதுமா? போதாது. சைக்கிள் வேண்டும். பஸ் வேண்டும். அதற்குப் பணமும் வேண்டும்.

இந்த மூன்றுக்கும் வழிகாட்டிய ஊர்கள் வேறு மூன்று. அவற்றையும் பார்ப்போம்.

சைக்கிள் ஊர்

நெதர்லாந்து நாட்டில் க்ரோனிங்கன் என்று ஒரு நகரம். அங்கே பல்கலைக்கழகம் இருக்கிறது. மாணவர்கள் கூட்டம் அதிகம்.

1970-ல் மாக்ஸ் வான் டென் பெர்க் என்ற இளைஞர் நகரசபை உறுப்பினர் ஆனார். அப்போது அவருக்கு வயது 24. நகரின் நடுப்பகுதியை நான்கு கூறாகப் பிரிக்க ஒரு திட்டம் வந்தது. அவர் அதை முன்நின்று நடத்தினார்.

ஒரு கூறில் இருந்து மறு கூறுக்குக் கார் நேராகப் போக முடியாது. வெளியே சுற்றுச்சாலைக்கு வந்து, சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். சைக்கிள்காரர் நேராகவே போய்விடலாம்!

1977 செப்டம்பர் 19-ந் தேதி இந்தத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒரே இரவில் போக்குவரத்துப் பலகைகளை மாற்றினார்கள். காலையில் எழுந்த கார்க்காரர்கள் திகைத்துப் போனார்கள்! கடைக்காரர்கள் கொதித்தார்கள். ஆனால், நகரசபை பின்வாங்கவில்லை.

பலன் என்ன? காரில் சுற்றிக்கொண்டு போக அதிக நேரம். சைக்கிளில் நேராகப் போகக் கொஞ்ச நேரம். எதை ஜனங்கள் தேர்ந்தெடுப்பார்கள்? இன்று ஊருக்குள் நடக்கும் பயணங்களில் பாதிக்கு மேல் சைக்கிளில்தான் நடக்கின்றன. ரயில் நிலையத்தின் முன்னால், தரைக்கு அடியில், ஆயிரக்கணக்கான சைக்கிள்களை நிறுத்த இடம் கட்டி இருக்கிறார்கள்.

ஜனங்களிடம் "சைக்கிளில் போங்கள்" என்று யாரும் பிரசங்கம் செய்யவில்லை. சைக்கிளுக்குக் குறுக்கு வழி கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

டிக்கெட் இல்லாத பஸ்

எல்லோராலும் சைக்கிள் மிதிக்க முடியுமா? வயதானவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களுக்குப் பஸ் வேண்டும்.

பெல்ஜியம் நாட்டில் ஹாசல்ட் என்று ஓர் ஊர். சுமார் 70 ஆயிரம் பேர் வாழ்ந்த ஊர். 1997 ஜூலை 1-ந் தேதி முதல் அங்கே பஸ்ஸில் டிக்கெட் கிடையாது. யார் வேண்டுமானாலும் இலவசமாக ஏறலாம்!

1996-ல் பஸ்ஸில் போனவர்கள் எண்ணிக்கை ஆண்டுக்குச் சுமார் 3 லட்சத்து 60 ஆயிரம். 2006-ல் அது சுமார் 46 லட்சம் ஆகிவிட்டது. பன்னிரண்டு மடங்குக்கு மேல்!

ஆனால், இலவசம் மட்டுமே காரணம் அல்ல. புதிய தடங்கள் போட்டார்கள். பஸ்களை அடிக்கடி விட்டார்கள். நகரின் உள்வட்டச் சாலையில் காருக்கு இருந்த இடத்தைக் குறைத்து, மரம் நட்டு, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் இடம் கொடுத்தார்கள்.

இதன் முடிவையும் சொல்லவேண்டும். கூட்டம் கூடக் கூடச் செலவும் கூடியது. 2013-ல் எல்லோருக்கும் இலவசம் என்பதை நிறுத்திவிட்டார்கள். வரும் வழி தெரியாமல் செலவு செய்தால் நல்ல காரியமும் நிலைக்காது. அடிக்கடி வரும் பஸ்தான் முக்கியம். காத்துக் காத்து வராத பஸ் இலவசமாக இருந்து என்ன பயன்?

வாசலில் ஓர் உண்டியல்

பணத்துக்கு என்ன வழி? இதற்கு அமெரிக்காவில் ஓர் ஊர் விடை சொன்னது.

கலிபோர்னியாவில் பசடீனா என்ற நகரம் இருக்கிறது. அதன் பழைய கடைவீதி ஒரு காலத்தில் மங்கிப் போய்க் கிடந்தது. தெருவோரம் கார் நிறுத்தக் காசு இல்லை. ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தக்கூடாது. அந்த நல்ல இடங்களை யார் பிடித்துக்கொண்டார்கள் தெரியுமா? கடைகளில் வேலை பார்ப்பவர்கள்! காலையிலேயே வந்து காரை நிறுத்திவிடுவார்கள். நேரம் ஆனதும் வேறு இடத்துக்கு மாற்றி வைப்பார்கள். சாமான் வாங்க வந்தவர் இடம் இல்லாமல் சுற்றுவார்.

1993-ல் நகரசபை காசு போடும் மீட்டர்களை வைத்தது. மணிக்கு 1 டாலர். கடைக்காரர்கள் முதலில் எதிர்த்தார்கள். பிறகு நகரசபை ஒரு வாக்குக் கொடுத்தது. "மீட்டரில் விழும் காசை வேறு எங்கும் கொண்டுபோக மாட்டோம். உங்கள் தெருவுக்கே செலவு செய்வோம்" என்றது. கடைக்காரர்கள் சம்மதித்தார்கள்.

அந்த வருமானத்தை நம்பி 50 லட்சம் டாலர் கடன் வாங்கினார்கள். நடைபாதை போட்டார்கள். மரம் நட்டார்கள். விளக்கு வைத்தார்கள். சந்துகளைச் சுத்தம் செய்தார்கள். தெரு பளபளத்தது. கூட்டம் வந்தது. வியாபாரம் பெருகியது.

இந்தக் கதையை ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர் பேராசிரியர் டொனால்டு ஷூப். 2025-ல் அவர் காலமானார். நெரிசலான தெருக்களில் ஓடும் கார்களில் எத்தனை கார்கள் இடம் தேடிச் சுற்றுகின்றன? பல ஊர்களில் எடுத்த கணக்குகளை அவர் சேர்த்துப் பார்த்தார். சராசரியாக 100-க்கு 30!

பொன்டவேத்ராவின் டாக்டர் கண்டுபிடித்த இரண்டாம் வகைக் கார்கள் இவைதான்.

வரிசை மாறவேண்டும்

நான்கு ஊர்களைப் பார்த்தோம். நாடு வேறு, பாஷை வேறு, வழி வேறு. ஆனால், நான்கு ஊர்களும் ஒரே உண்மையைத்தான் சொல்கின்றன.

தெருவில் இடம் கொஞ்சம். அதைப் பங்கு போட வேண்டும். இத்தனை காலம் யாருக்கு முதல் பங்கு கொடுத்தோம்? பெரிய வண்டிக்கு. மிச்சம் இருந்தால் சின்ன வண்டிக்கு. அதிலும் மிச்சம் இருந்தால் நடப்பவனுக்கு.

அந்த ஊர்கள் வரிசையைத் தலைகீழாக மாற்றின. முதல் பங்கு நடப்பவனுக்கு. அடுத்தது சைக்கிளுக்கு. அடுத்தது பஸ்ஸுக்கு. கடைசியாகக் காருக்கு.

காரின் மேல் யாருக்கும் விரோதம் இல்லை. அவசரத்துக்குக் கார் வேண்டும். நோயாளிக்குக் கார் வேண்டும். ஆனால், பந்தியில் கடைசி ஆளாக அது உட்கார வேண்டும்.

காரை வைத்திருப்பவரும், அதை நிறுத்திவிட்டு இறங்கினால் நடப்பவர்தானே! நாம் எல்லோரும் நடக்கப் பிறந்தவர்கள்தான். சிலரிடம் கார் இருக்கிறது. எல்லோரிடமும் கால் இருக்கிறது.

ஓர் ஊர் நல்ல ஊரா, இல்லையா என்று அறிய ஒரு சுலபமான பரீட்சை உண்டு. எட்டு வயதுப் பிள்ளையிடம் காசு கொடுத்து, "கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வா" என்று தாய் தனியே அனுப்புவாளா? பிள்ளை திரும்பி வரும் வரை அவள் வாசலில் நிற்காமல், உள்ளே போய்த் தன் வேலையைப் பார்ப்பாளா?

பொன்டவேத்ராவில் அனுப்புகிறாள்!